சொந்த டெல்நெட் சர்வரா, டிராப்பேரா? சி மொழியில் ஒரு லாகின் சர்வர் எழுதும் முன்

பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியில் குளிர் அறையின் வெப்பநிலையைப் பதிவு செய்ய ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று ஓடுகிறது. திரையும் கீபோர்டும் கிடையாது. உப்புக்காற்று பட்டால் போர்டு அரித்துவிடும் என்பதால் பெட்டியை நன்றாக அடைத்து வைத்திருக்கிறோம், அடிக்கடி திறக்க முடியாது. "அண்ணே, கரண்ட் போய் வந்துச்சு, மீட்டர் அப்படியே நிக்குது" என்று அங்கிருந்து போன் வந்தால் ராமநாதபுரத்தில் இருந்தபடியே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

இதற்கு வழி மூன்று. நெட்வொர்க் இணைப்பின் முனையான சாக்கெட்டோடு, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லை நேராகக் கோத்துவிடலாம். பிடிஒய் என்ற போலி டெர்மினலை வைத்து, தொலைவிலிருந்து நுழையவிடும் டெல்நெட் சர்வர் ஒன்றை நாமே எழுதலாம். டிராப்பேர் போன்ற, அதே வேலையைக் குறியாக்கத்தோடு செய்யும் எஸ்எஸ்எச் சர்வரை ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சி படிக்கும் மாணவர்கள் இரண்டாவதை ஒரு முறையாவது முழுதாக எழுத வேண்டும். பாம்பன் பெட்டியில் ஓட வேண்டியது மூன்றாவது. முதலாவது எதற்கும் ஆகாது. ஆனால் ஏன் ஆகாது என்பதில்தான் பாடமே இருக்கிறது.

முதல் வழியைப் பார்த்தால் ஆசை வரும். சாக்கெட் திறந்து, பைண்ட், லிசன், அக்செப்ட், அப்புறம் பிள்ளை ப்ராசஸ் ஒன்றைப் பிரிக்க ஒரு ஃபோர்க். பிள்ளை ப்ராசஸில் டூப்2 போட்டு 0, 1, 2 (உள்ளீடு, வெளியீடு, பிழை) மூன்றையும் சாக்கெட்டுக்குத் திருப்பி, ஷெல்லை எக்ஸெக் செய்தால் முடிந்தது. ஒரு பக்கத்துக்குள் நிரல் அடங்கிவிடும். டேட் என்று அடித்தால் தேதி வரும், எல்எஸ் என்று அடித்தால் பட்டியல் வரும். ஆனால் ப்ராம்ப்ட் வராது. தன் எதிரே டெர்மினல் இல்லை என்று ஷெல்லுக்குத் தெரியும், அதனால் ஸ்கிரிப்ட் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். வலுக்கட்டாயமாக ஊடாடும் நிலையில் பேஷ் என்ற ஷெல்லைத் தொடங்கினால், ஜாப் கன்ட்ரோல் இல்லை என்று முதல் வரியிலேயே புகார் சொல்லும். ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளை ஓடவே மறுக்கும்.

இவற்றையெல்லாம் விட மோசமானது பஃபர். சி நூலகம் வெளியீட்டு முனை டெர்மினல் என்றால் வரிக்கு வரி அனுப்பும், இல்லையென்றால் பஃபர் நிரம்பும் வரை பிடித்து வைக்கும். அது பொதுவாக 4096 பைட். நம் வெப்பநிலை நிரல் 10 நொடிக்கு ஒரு தரம் 20 பைட் அளவில் ஒரு வரி எழுதுகிறது என்று வையுங்கள். பஃபர் நிரம்ப இருநூறு வரிக்கு மேல் வேண்டும், அதாவது அரை மணி நேரத்துக்கும் அதிகம். அதுவரை திரை வெறுமையாகக் கிடக்கும். நிரல் செத்துவிட்டது என்று நினைத்து நிறுத்தப் பார்த்தால் அதுவும் நடக்காது. கன்ட்ரோல்-சி என்பது 3 என்ற ஒற்றை பைட். அதை நிறுத்து என்ற சிக்னலாக மாற்ற நடுவில் ஒருவர் வேண்டும், வெறும் சாக்கெட்டில் அப்படி யாரும் இல்லை.

அந்த ஒருவர்தான் பிடிஒய். கெர்னல் தரும் இரட்டை முனை அது. மாஸ்டர் முனை நம் சர்வர் கையில், ஸ்லேவ் முனை ஷெல்லின் கையில். எதிரொலி, பேக்ஸ்பேஸ், கன்ட்ரோல்-சியை சிக்னலாக்குவது எல்லாம் இரண்டுக்கும் நடுவில் உள்ள லைன் டிசிப்ளின் செய்யும் வேலை. லாகின் சர்வர் என்றதும் எல்லோரும் நெட்வொர்க் நிரலைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதன் உயிர் இங்கே, பிடிஒய்யில் இருக்கிறது.

பிடிஒய் எடுக்கவும் இரண்டு வழி. யுனிக்ஸ் வகை கணினிகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தில் உள்ள போசிக்ஸ்_ஓபன்பிடி, கிரான்ட்பிடி, அன்லாக்பிடி, பிடிஎஸ்நேம் நான்கையும் வரிசையாக அழைத்து, பிள்ளை ப்ராசஸுக்குள் புது செஷன் தொடங்க செட்சிட் போட்டு, ஸ்லேவைக் கட்டுப்பாட்டு டெர்மினலாக ஆக்குவது ஒன்று. ஃபோர்க்பிடிஒய் என்ற ஒற்றை அழைப்பில் எல்லாவற்றையும் முடிப்பது இன்னொன்று. பின்னது போசிக்ஸ் தரத்தில் இல்லை, ஆனால் லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் கிடைக்கும். முதலில் நீண்ட வழியில் எழுதுங்கள். செட்சிட்டை விட்டுவிட்டால் கன்ட்ரோல்-சி ஏன் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். பிறகு ஃபோர்க்பிடிஒய்க்கு மாறிக்கொள்ளலாம். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.34-க்கு முந்தைய கணினி என்றால் லிங்க் செய்யும்போது யுடில் நூலகத்தையும் சேர்க்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யூடிஎஃப்-8-ல் 'மீன்' என்ற சொல் 12 பைட்: ம, ஈகாரக் குறி, ன, புள்ளி, ஒவ்வொன்றும் 3 பைட். டெர்மினல் அமைப்பில் ஐயூடிஎஃப்8 என்ற கொடி ஏற்றப்படாவிட்டால் பேக்ஸ்பேஸ் ஒரு பைட்டை மட்டும் அழிக்கும், மிச்சம் இரண்டு பைட் குப்பையாக உள்ளே போகும். பேஷ் ப்ராம்ப்டில் இது தெரியாது, அது தன் எழுத்துகளைத் தானே கவனித்துக்கொள்ளும். கேட் கட்டளையில் படகுப் பெயர்களை அடித்து கோப்பில் சேமிக்கும்போது மாட்டுவோம். ஃபோர்க்பிடிஒய் முடிந்த கையோடு மாஸ்டர் முனையில் டிசிகெட்ஆட்டர், டிசிசெட்ஆட்டர் இரண்டையும் அழைத்துக் கொடியை ஏற்றிவிட்டால் போதும். ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட மாதிரி நிரல்களில் இந்த வரியை நான் பார்ப்பதே அரிது.

சரி, கம்பியில் என்ன ஓட வேண்டும்? 1983-ல் வந்த ஆர்எஃப்சி 854 என்ற இணையத் தர ஆவணம்தான் டெல்நெட்டின் இலக்கணம். 255 என்ற பைட் வந்தால் அடுத்து வருவது கட்டளை. இணைப்பு வந்ததும் சர்வர் 255 251 1 அனுப்ப வேண்டும், எதிரொலியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். இதை விட்டால் கிளையன்ட் ஒரு தரமும் பிடிஒய் ஒரு தரமும் காட்டி, அடித்ததெல்லாம் இரட்டிப்பாகத் தெரியும். எழுத்துக்கு எழுத்து உடனே அனுப்பவைக்க 255 251 3, சாளர அளவைக் கேட்க 255 253 31. எண்பது பத்தி, 24 வரி என்றால் பதில் இப்படி வரும்: 255 250 31 0 80 0 24 255 240. அதை டிஐஓசிஎஸ்வின்சைஸ் வழியாகப் பிடிஒய்யிடம் சொன்னால்தான் விஐ எடிட்டர் முழுத் திரையில் விரியும்.

இந்த ஒன்பது பைட்டும் ஒரே ரீடில் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 255 ஒரு ரீடின் கடைசியிலும் மற்றவை அடுத்ததிலும் வரலாம். அதனால் பைட் பைட்டாகத் தின்று, எந்த நிலையில் இருக்கிறோம் என்று நினைவில் வைக்கும் ஒரு சிறு நிலை இயந்திரம் தேவை. என்டர் தட்டினால் 13-உடன் சேர்ந்து 0-வும் வரும், அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிட வேண்டும்.

இணைப்புக்கு ஒரு ஃபோர்க்கா, அல்லது பல முனைகளை ஒரே ப்ராசஸில் கவனிக்கும் 'போல்' அழைப்பா என்ற விவாதத்துக்கு இங்கே பெரிய இடமில்லை. இரண்டு மூன்று பேர் நுழையும் பெட்டிக்கு இணைப்புக்கு ஒரு ஃபோர்க் போதும். ஒவ்வொரு பிள்ளையும் சாக்கெட், மாஸ்டர் என்ற இரண்டு முனைகளை மட்டும் 'போல்' அழைப்பால் கவனித்தால் ஆயிற்று. இறந்த பிள்ளைகளை வெயிட்பிட் கொண்டு அப்புறப்படுத்துவதும், ஷெல் முடிந்ததும் லினக்ஸில் மாஸ்டர் ரீட் இஐஓ பிழை தருவதை முடிவாக எடுத்துக்கொள்வதும் மறக்கக் கூடாது.

மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. கடலோரத்தில் மொபைல் சிக்னல் வரும், போகும். மறுமுனை சொல்லாமல் மறைந்தால் சர்வருக்குத் தெரியாது. லினக்ஸில் கீப்அலைவை இயக்கினாலும் அது முதல் சோதனைக்குக் காத்திருப்பது 7200 நொடி, இரண்டு மணி நேரம். டிசிபி_கீப்ஐடிலை 60 என்று வையுங்கள்.

பயனர் சோதனையை நாமே எழுதுவதா, லாகின் நிரலை அழைப்பதா? சந்தேகமே வேண்டாம், லாகின் நிரலிடம் விட்டுவிடுங்கள். ஆனால் பயனர் பெயரை நாம் வாங்கி அதற்குக் கொடுக்கக் கூடாது. 2007-ல் சோலாரிஸின் டெல்நெட் சர்வரில் பெயரின் இடத்தில் '-எஃப்ரூட்' என்று அனுப்பினால், லாகின் நிரல் அதைப் பெயராக எடுக்காமல் 'சோதிக்காமல் விடு' என்ற தேர்வாக எடுத்துக்கொண்டது. கடவுச்சொல் இல்லாமலே ரூட் திறந்தது. பெயரையும் லாகினே கேட்கட்டும். கிளையன்ட் அனுப்பும் சூழல் மாறிகளையும் வாங்காதீர்கள்.

இவ்வளவு கவனமாக எழுதினாலும் டெல்நெட்டில் கடவுச்சொல் மறைப்பே இல்லாமல் கம்பியில் போகிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படி ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களை எடுத்த பிறகுதான் 1995-ல் டாட்டு யுலோனன் எஸ்எஸ்எச் எழுதினார். 2016-ல் மிராய் என்ற தீநிரல், டெல்நெட் திறந்து கிடந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் ஆலையில் வைத்த கடவுச்சொற்களைப் போட்டே நுழைந்து பரவியது. குறியாக்கத்தை நாமே எழுதிச் சேர்க்கலாம் என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் வரும் பிழை பார்வைக்குத் தெரியாது, எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். சிம் கார்டு இணைப்பில் பெரும்பாலும் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை, வெளியிலிருந்து யாரும் பெட்டியைக் கூப்பிட முடியாது. நம் சி சர்வர் எவ்வளவு அழகாக லிசன் செய்தாலும் பயன் இல்லை. பெட்டிதான் வெளியே வந்து நம் சர்வரோடு இணைப்பை ஏற்படுத்த வேண்டும். டிராப்பேரோடு வரும் டிபிகிளையன்ட் என்ற எஸ்எஸ்எச் கிளையன்டில் இந்தத் தலைகீழ்ச் சுரங்கம் ஏற்கெனவே இருக்கிறது. சிறு கருவிகளுக்கென்றே எழுதப்பட்டது என்பதால் நினைவகமும் அதிகம் கேட்காது.

ஆகவே பாம்பனில் டிராப்பேர் ஓடுகிறது, சாவி மட்டும், கடவுச்சொல் நுழைவு அடைப்பு. நாமே எழுதிய டெல்நெட் சர்வர் மேசைக் கணினியில் 127.0.0.1 முகவரியில் 2323 போர்ட்டில் மட்டும் கேட்கட்டும். எழுதி முடித்ததும் நான்கைச் சோதியுங்கள். டிடிஒய் கட்டளை ஒரு பிடிஎஸ் பெயரை, அதாவது ஸ்லேவ் முனையின் பெயரை, சொல்ல வேண்டும். எஸ்டிடிஒய் சைஸ் உங்கள் சாளரத்தின் உண்மை அளவைக் காட்ட வேண்டும். ஸ்லீப் 100 ஓடும்போது கன்ட்ரோல்-சி அதை மட்டும் கொன்று ப்ராம்ப்டைத் திருப்பித் தர வேண்டும். கேட் கட்டளையில் 'மீன்' என்று அடித்து நான்கு பேக்ஸ்பேஸ் தட்டினால் வரி சுத்தமாகக் காலியாக வேண்டும்.