டாஃப்னியாவா, ஜீப்ரா மீன் கருவா? மாணவர் ஆய்வகத்துக்கு எது தோது

நீர் நச்சியல் (நீரில் கலந்த நச்சு உயிர்களை என்ன செய்கிறது என்று பார்க்கும்) ஆய்வகம் தொடங்கும் கல்லூரிகளில் முதல் சண்டையே எந்த உயிரை வைத்துச் சோதிப்பது என்பதில்தான். பயிற்சிக்கு என்றால் என் ஓட்டு டாஃப்னியா என்ற குட்டி நீர்த்தெள்ளுக்கு.

ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 202-ஆம் சோதனை முறையில் 48 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள், ஒரு செறிவுக்கு 20. பீக்கரை மெல்ல அசைத்துவிட்டு 15 விநாடி பார்க்க வேண்டும், நீந்தாவிட்டால் முடங்கியதாகக் கணக்கு. கேட்க எளிதுதான். ஆனால் குஞ்சைப் பிப்பெட்டில் எடுத்து நீருக்கு மேலிருந்து விட்டால் அதன் உடலை மூடிய ஓட்டுக்குள் காற்று புகுந்து மிதக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் நச்சே கலக்காத பீக்கரிலும் முடக்கம் விழும், அது 10 சதவீதத்தைத் தாண்டினால் மொத்தச் சோதனையும் செல்லாது. பிப்பெட் முனையை நீருக்குள் வைத்து விடுவது என்ற இந்தச் சின்னக் கைப்பழக்கத்துக்குத்தான் ஆய்வகமே. வளர்ப்புத் தொட்டியில் கூட்டம் கூடினாலோ தீனி குறைந்தாலோ முதுகில் சேணம் போலக் கறுப்பாக ஓய்வு முட்டை (கஷ்ட காலத்தைத் தாண்ட உறங்கும் முட்டை) தெரியும். அந்தத் தொட்டிக் குஞ்சுகளைத் தொடக் கூடாது.

ஒரே தலைவலி, டாஃப்னியாவை 20 டிகிரியில் வைத்திருப்பது. மே மாதத்தில் கரண்ட் போனால் வளர்ப்பு காலி.

ஜீப்ரா மீன் கருவுக்கு (ஓஇசிடி 236) 26 டிகிரி, 96 மணி நேரம். நம் வெயிலுக்கு இது பரவாயில்லை. காலையில் விளக்கு எரிந்ததும் முட்டையிடும், அடியில் வலையோ கோலிக்குண்டோ போடாவிட்டால் பெற்ற மீன்களே தின்றுவிடும். கருவுற்று ஒன்றரை மணி நேரத்துக்குள் முட்டையைச் சோதனைக் கரைசலில் போட்டாக வேண்டும், ஆக அன்று முட்டை வராவிட்டால் வகுப்பும் இல்லை. பெரிய மூலக்கூறுகளை முட்டை உறை தடுத்துவிடும் என்பதும் ஒரு குறை. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் இதயம் துடிப்பதைப் பார்த்த மாணவர்களை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்!

முழு மீன் சோதனையை ஆலைக் கழிவுநீர் வேலை எடுக்கும் ஆய்வகம் விட முடியாது, ஏனென்றால் இந்திய விதிப்படி தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகும் 90 சதவீத மீன் பிழைத்திருக்க வேண்டும். வெறும் பயிற்சிக்காக மீனைச் சாகடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

20 டிகிரிக்கு வழியில்லையா? டாஃப்னியாவின் சின்ன உறவான செரியோடாஃப்னியா இருக்கிறது, 25 டிகிரி போதும். ஆனால் அமெரிக்க முறைப்படி ஏழு நாள், தினமும் கரைசல் மாற்றிக் குஞ்சு எண்ண வேண்டும், ஞாயிறு உட்பட. விடுதி மாணவர்கள் இருந்தால் யோசிக்கலாம்.