அல்சூர் தெருவா, ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்ட்டா?

பெங்களூருவில் அல்சூரில் ஆறு வருடம் இருந்தேன். ஒயிட்ஃபீல்டில் இது நான்காவது வருடம். இரண்டும் ஒரே பர்ப்பிள் மெட்ரோ தடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பாதுகாப்பு என்றால் இரண்டு இடத்திலும் அர்த்தம் வேறு.

அபார்ட்மென்ட்டில் வருகிற ஆளை கேட்டிலேயே நிறுத்தி, செயலியில் நம்மைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். கேமரா, ஜெனரேட்டர், ராத்திரி ரோந்து எல்லாம் உண்டு. குழந்தைகள் வண்டி பயம் இல்லாமல் கீழே விளையாடலாம். எனக்கு அதுவே பெரிய நிம்மதி. செலவுதான் கடிக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேல் இருந்து, ஒரு வீட்டின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்.

அல்சூரில் சோமேசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் காவலாளி கிடையாது. எதிர்வீட்டு அக்காதான் எங்களுக்குக் காவல். ஊருக்குப் போனால் சாவி அவரிடம்தான் இருக்கும். ஒருநாள் அம்மா மயங்கி விழுந்தபோது நான் ஆபீசில் இருந்தேன். அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எனக்கே போன் வந்தது. இங்கே பக்கத்து ஃபிளாட்காரரின் பெயர் தெரியவே எட்டு மாதம் ஆனது. அங்கே பைக் திருட்டும் பார்க்கிங் தகராறும் உண்டு, மறுக்கவில்லை.

சின்னக் குழந்தை இருந்தால் அபார்ட்மென்ட் சரி. அம்மா அப்பா பகலில் தனியாக இருப்பார்கள் என்றால் அல்சூரைத்தான் சொல்வேன். எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள்.