மொரிஸ் மைனருக்கு இணையத்தில் பெற்றோல் பம்ப் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

28,500 ரூபா. போன கிழமை வரை அது என் காசு.

அப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர் கார், ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் பிளேட். மத்தியான வெயிலில் இரண்டு தடவை மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நின்றுவிட்டது. மைனரில் பம்ப் முன்னால், எஞ்சின் சூட்டுக்குள் இருக்கிறது. டேங்க் பின்னால், டிக்கிக்குக் கீழே. அவ்வளவு தூரம் உறிஞ்சி இழுக்கும்போது பெற்றோல் சூட்டில் ஆவியாகிப் பைப்பை அடைத்துவிடும். டேங்குக்குப் பக்கத்தில் இன்னொரு மின் பம்ப் பூட்டினால், பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கும். அதைத்தான் தேடினேன்.

சாமான் விற்கும் ஒரு இணையத்தளத்தில் விளம்பரம் கண்டேன். விற்றவரிடம் எழுத்திலேயே கேட்டேன்: இந்தக் காரில் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபுரேட்டருக்குப் பெற்றோல் பிரஷர் 3 பி.எஸ்.ஐ-க்கு மேல் போகக்கூடாது, பற்றரியின் பொசிட்டிவ் பக்கத்தைப் பொடியில் பூட்டிய பொசிட்டிவ் எர்த் வண்டி, சரிவருமா என்று. பதிலுக்குக் குரல் அனுப்பினார். "அண்ணன், அப்பாட கார் எண்டு சொன்னீங்க. எங்கட அப்பாவும் மைனர்தான் வெச்சிருந்தவர். உங்களுக்குப் பிழையான சாமான் தருவனா?" அந்தக் குரலை மனைவிக்கும் போட்டுக் காட்டினேன். அன்றிரவே முழுக்காசையும் வங்கியில் போட்டேன். பில் கூடக் கேட்கவில்லை. அப்பா என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

பெட்டியில் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. ஆரையம்பதியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணன், "இதுல பிரஷர் எவ்வளவு எண்டு எழுதல்லயே தம்பி" என்றார். நான்தான் பூட்டச் சொன்னேன்.

சாவியைத் திருப்பியதும் காபுரேட்டரிலிருந்து பெற்றோல் ஊற்றியது. மைனரில் அதற்கு நேர் கீழேதான் சூடான புகை போகும் எக்சோஸ்ட். எஞ்சின் சூடாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பின் சீட்டில் என் மகள் இருந்தாள். பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தால் 40 பி.எஸ்.ஐ-ஐத் தாண்டுகிறது. காபுரேட்டர் இல்லாமல், கூடின பிரஷரில் பெற்றோலைப் பீச்சும் இஞ்செக்ஷன் காருக்குரிய பம்ப்!

அன்றே அழைத்தேன். முதலில் "உங்கட மெக்கானிக்குக்குத் தெரியாது." பிறகு "பிரஷரைக் குறைக்க ரெகுலேட்டர் ஒண்டு போடுங்க, என்னிட்டயே இருக்கு, 9,000." மூன்றாம் நாள் "பூட்டின சாமான் திருப்பி எடுக்க மாட்டம்." அதற்குப் பிறகு நம்பரையே தடுத்துவிட்டார். தளத்துக்கு எழுதினால், விற்பவருடன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒற்றை வரி. பேசத்தானே முடியவில்லை! 28,500 ரூபா, அதற்கு மேல் கராஜ் கூலி.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. பம்பின் உடம்பிலேயே பிரஷர் எழுதியிருக்க வேண்டும். பூட்டுவதற்கு முன் கேஜ் வைத்துப் பாருங்கள். பில் இல்லாமல் காசு போடாதீர்கள். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

நாளைக் காலை 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபையில் முறைப்பாடு கொடுக்கிறேன். குரல் பதிவு என்னிடம் இருக்கிறது. இதே ஆளிடம் பம்ப் வாங்கியவர்கள் யாராவது மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து கொடுப்போம்.