வீட்டில் பயன்படுத்தும் சிறுநீர்ச் சோதனைப் பட்டை: என் மதிப்பீடு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள மருந்தகம் ஒன்றில் அம்மாவுக்காக வாங்கிய, சிறுநீர்த் தொற்றைக் கண்டறிய உதவும் இந்தப் பட்டையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஈ.கோலை போன்ற கிருமிகள் ஆக்சிஜன் குறைந்த சூழலில் அதற்குப் பதிலாகச் சிறுநீரிலுள்ள நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து அதை நைட்ரைட்டாக மாற்றும்போது, அந்த நைட்ரைட்டே பட்டையின் கட்டத்தை இளஞ்சிவப்பாக்குகிறது. இதற்குச் சிறுநீர் ஏறத்தாழ 4 மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்கவேண்டும் என்பதால், காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீரே ஏற்றது. இவ்வளவு முக்கியமான குறிப்பைப் பொடியெழுத்தில் அச்சிட்டிருப்பது பெருங்குறை. யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கும் புரோட்டியஸ் கிருமியால் சிறுநீரின் காரத்தன்மை உயர்ந்து சிறுநீர்ப் பாதையில் கல்லும் உருவாகலாம். அவ்வுயர்வை மற்றொரு கட்டம் காட்டுகிறது. ஆனால் எண்டரோகாக்கஸ் என்ற கிருமி நைட்ரைட்டை உண்டாக்குவதில்லை. ஆகவே நிறம் மாறாவிட்டாலும், எரிச்சல் இருந்தால் கிளினிக்கில் கல்ச்சர் சோதனை (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அவசியம். அம்மாவுக்கும் அப்படித்தான் தொற்று உறுதியாயிற்று.