லண்டன் நீலப் பலகைகள்: போர்டு எழுதினவன் பார்வையில்

மதுரையில் 35 வருஷம் கடைகளுக்கு போர்டு எழுதினவன் நான். ஃப்ளெக்ஸ் வந்து தொழில் படுத்துவிட்டது. ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் சுவரில் இருக்கிற எழுத்துக்குத்தான் போகும். லண்டனில் மகள் வீட்டில் ஆறு வாரம் இருந்தேன். அரண்மனை, பாலம் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. மிச்ச நாளெல்லாம் நீல வட்டப் பலகைகளைத் தேடி அலைந்தேன்.

இன்னார் இந்த வீட்டில் இருந்தார் என்று சொல்லும் பலகைகள் இவை. 1866இல் தொடங்கிய ஏற்பாடு, லண்டனில் இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அமைப்பு நடத்துகிறது. பார்க்கக் காசு கிடையாது. அவர்கள் இணையதளத்தில் பேரைப் போட்டால் தெருவும் கதவு எண்ணும் வந்துவிடும்.

முதலில் புரூக் தெரு. 25ஆம் எண்ணில் ஹாண்டல், 1723இலிருந்து 1759இல் சாகும்வரை. ஒட்டினாற்போல 23இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், 1968-69. ராஜாவுக்கு இசையமைத்தவருக்கும் கிதார்காரருக்கும் ஒரே மாதிரி வட்டம், ஒரே மாதிரி எழுத்து. நம்ம ஊர் என்றால் யாராவது ஒருத்தர் ஆட்கள் வந்து இரண்டடி கூடப் போடச் சொல்லியிருப்பார்கள்.

பலகை தலைக்கு மேலே இருந்தது. மகள் போனில் படம் பிடித்துப் பெரிசாக்கிக் காட்டினாள். அப்போதுதான் கவனித்தேன், எழுத்தின் ஓரம் மேடு கட்டி நிற்கிறது. கேக்கில் கிரீம் பிழிகிற மாதிரி களிமண் கூழைக் கையால் பிழிந்து எழுத்துக்கு வரம்பு கட்டுகிறார்கள். அப்புறம் எழுத்துக்குள் வெள்ளை, சுற்றி நீலம் என்று மெருகு பூசிச் சூளையில் சுடுகிறார்கள். குறுக்களவு பத்தொன்பதரை அங்குலம், கனம் இரண்டு அங்குலம். நடுப்பகுதி லேசாகப் புடைத்திருப்பதால் அழுக்கை மழையே கழுவிவிடும். நான் எழுதின எனாமல் போர்டு ஐந்து கோடை தாங்கினாலே பெரிய விஷயம்.

இந்த எளிய வடிவத்தை 1938இல் வரைந்து கொடுத்தது ஓர் ஓவியப் பள்ளி மாணவர். கூலி நாலு கினி, அதாவது நாலு பவுண்டு நாலு ஷில்லிங். பேரை யாரும் குறித்துவைக்கவில்லை. நாங்களாவது போர்டின் கீழ் மூலையில் கடுகளவாகப் பேரைப் போட்டுக்கொள்வோம்.

விதிகளும் எனக்குப் பிடித்தன. ஆள் இறந்து 20 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அவர் இருந்த கட்டடமே நிற்க வேண்டும். பலகை இருப்பதாலேயே வீட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பது வேறு விஷயம். 1867இல் கவிஞர் பைரனுக்குத்தான் முதல் பலகை. அந்த வீட்டையே 1889இல் இடித்துவிட்டார்கள்.

எழுத்துக்குப் பத்துக்குப் பத்து தருவேன். வாசகத்துக்கு ஆறுதான். பேர், வருஷம், என்ன தொழில், இங்கு வசித்தார், அவ்வளவுதான். ஏன் வந்தார், கூட யார் இருந்தார் என்பதெல்லாம் நாமே தேடிக்கொள்ள வேண்டியது.

ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி, மூச்சு வாங்க மேடேறி, ஹைகேட் பக்கம் குரோம்வெல் அவென்யூ 65க்குப் போனோம். பலகையில் சாவர்க்கர் பேர் இருக்கிறது. 1905 முதல் 1910 வரை அதுதான் இந்தியா ஹவுஸ் என்கிற மாணவர் விடுதி, விடுதலைப் போராளிகள் கூடின இடம். இந்தியா ஹவுஸ் என்கிற பேர் பலகையில் இல்லை. பாரிஸ்டர் படிக்க வந்த நம்ம வரகனேரி வ.வே.சு. ஐயரும் அங்கேதான் தங்கியிருந்தார். போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி 1910இல் புதுச்சேரி போய்ச் சேர்ந்தவர். சொன்னதும் மகள், "இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கேன், எனக்கே தெரியாதேப்பா" என்றாள்.

அதற்குள் மாடி ஜன்னலில் திரை விலகியது. பலகையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிற கிழவனை யார் என்று நினைத்தார்களோ. நான் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தேன். எல்லா எழுத்தையும் கால் அங்குலம் சிறுசாக்கினால் கீழே இன்னொரு வரி பிடிக்கும்.