பள்ளிப் பிள்ளைகளுக்கு எது: இசைக்குழுவா, மேடைக் கதையா?

கனடாவின் பூர்வகுடிக் கதைகளைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக இரண்டு வழி. ஒன்று, ஒட்டாவாவின் தேசியக் கலை மைய இசைக்குழு 2016-இல் செய்தது. மிக்மாக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த கவிஞர் ரீட்டா ஜோ, நோவா ஸ்கோஷியாவின் ஷூபெனகாடி உறைவிடப் பள்ளியில் (பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த பள்ளி) தாய்மொழி பறிக்கப்பட்டதை எழுதிய சின்னக் கவிதைக்கு ஜான் எஸ்டாசியோ இசை அமைத்தார். ஒருவர் வரிகளைச் சொல்ல, திரையில் படம் ஓட, முழு இசைக்குழு வாசிக்கும். கவிதை எளிய சொற்களில் இருப்பதால் சின்ன வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும், ஆனால் அந்தப் பள்ளிகளில் என்ன நடந்தது என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லவில்லையென்றால் அது வெறும் சோகப் பாட்டாகக் கடந்துபோய்விடும்.

இன்னொன்று சாகாபெஷ். 2018-இல் மாண்ட்ரியல் சிம்பொனி இசைக்குழு மேடையேற்றிய சிறிய ஓபெரா, அதாவது பாடியே நடிக்கும் நாடகம். கதை எழுதியவர் கிரீ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த நாடகாசிரியர் டாம்சன் ஹைவே, இசை மேத்யூ ரிக்கெட்ஸ். நாயகன் ஒரு குறும்புக்காரன், பெயோத்துக் என்ற பூர்வகுடி மக்களைக் கொல்லும் வெள்ளையனைச் சிரிக்கவைத்துத் தடுக்கப் பார்க்கிறான். (கொடூரமான விஷயத்தைச் சிரிப்பால் தொடுவது, நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் செய்கிற வேலைதான்!) கியூபெக்கின் வடக்குக் கிராமங்களுக்கும் இதைக் கொண்டுபோனார்கள், கதைசொல்லல் கிரீ, இன்னு, இனுக்டிட்டுட் ஆகிய பூர்வகுடி மொழிகளில்.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மொழி தொலைந்ததைச் சொல்வது ஒன்று, அந்த மொழியையே காதில் போடுவது வேறு. ஆனால் செலவு? ஓபெராவுக்குப் பாடகர்கள், மேடை, பயணம். கவிதையை நாளைக்கே வகுப்பில் வாசிக்கலாம்.