ஓடும் ப்ராசஸ்களை எண்ண கிரெப் சங்கிலியா, பிகிரெப்பா?

லினக்ஸ் சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வரின் ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) எத்தனை என்று பார்க்கச் சொன்னால், பலருக்கும் விரல் தானாக அடிப்பது இதைத்தான்:

பிஎஸ் ஏயூஎக்ஸ் | கிரெப் என்ஜின்எக்ஸ் | டபிள்யூசி -எல்

பிஎஸ் எல்லா ப்ராசஸையும் வரிக்கு ஒன்றாகக் கொட்டுகிறது, கிரெப் அந்தப் பெயர் உள்ள வரிகளைச் சலித்தெடுக்கிறது, டபிள்யூசி எண்ணுகிறது. 1973-இல் யூனிக்ஸுக்குள் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் '|' குறி) வந்ததிலிருந்து இப்படிக் கோத்தே பழகிவிட்டோம்.

என்ஜின்எக்ஸில் மேற்பார்க்கும் மாஸ்டர் ப்ராசஸ் 1, வேலை செய்யும் வொர்க்கர் ப்ராசஸ் 4 என்றால் விடை 5 வர வேண்டும். பெரும்பாலும் 6 வரும். சங்கிலியில் ஒரு கட்டளை முடிந்த பிறகு அடுத்தது தொடங்குவதில்லை. நாம் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் ஷெல், மூன்றையும் ஒன்றாகவே கிளப்பிவிடுகிறது. பிஎஸ் பட்டியல் எடுக்கும்போது கிரெப்பும் உயிரோடு இருக்கிறது, அதன் வரியிலும் என்ஜின்எக்ஸ் என்ற சொல் இருக்கிறது. சரி, ஒன்றைக் கழித்துவிடலாமே என்றால் அதையும் நம்ப முடியாது. பிஎஸ் முந்திக்கொண்டால், கிரெப் அந்த நொடியில் இன்னும் ஷெல்லின் நகலாகவே இருக்கும். அப்போது 5 வரும்.

இதில் நான் நன்றாக மாட்டியிருக்கிறேன். 'எண்ணிக்கை 0 ஆனால் மெயில் அனுப்பு' என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். சர்வீஸ் படுத்தே கிடந்தது, மெயில் மட்டும் வரவில்லை. கிரெப் தன்னையே எண்ணி 1 என்று சொல்லிக்கொண்டிருந்தது.

டபிள்யூசிக்கு முன்னால், கிரெப் என்ற சொல் உள்ள வரிகளை நீக்கும் 'கிரெப் -வி கிரெப்' சேர்ப்பது ஒரு வைத்தியம். எனக்குப் பிடித்தது வேறு: தேடும் சொல்லை மேற்கோளுக்குள் '[எ]ன்ஜின்எக்ஸ்' என்று எழுதுவது. சதுர அடைப்பு என்றால் 'உள்ளே இருப்பதில் ஒரு எழுத்து' என்பதால், கிரெப்புக்கு அதன் பொருள் என்ஜின்எக்ஸ்தான். ஆனால் கிரெப்பின் சொந்த வரியில் சதுர அடைப்பும் சேர்ந்தே இருப்பதால் அது பொருந்தாது. டபிள்யூசியும் வேண்டாம், பொருந்தும் வரிகளைத் தானே எண்ணும் 'கிரெப் -சி' போதும்.

அப்புறமும் ஒரு கோளாறு மிச்சமிருக்கிறது. இந்தச் சங்கிலி எண்ணுவது வரிகளை, ப்ராசஸ்களை அல்ல. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸைத் தேடிப் பாருங்கள். பிஎஸ் ஏயூஎக்ஸின் முதல் நெடுவரிசை பயனர் பெயர். போஸ்ட்கிரெஸ் என்ற பயனராக நுழைந்து யாராவது சும்மா ஒரு பாஷ் ஷெல் திறந்து வைத்திருந்தால் அதுவும் கணக்கில் ஏறும். என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் ஃபைலை எடிட்டரில் திறந்தாலும் இதே கதைதான்.

பிகிரெப் என்பது ப்ராசஸைப் பெயரால் தேடும் கட்டளை, -சி போட்டால் எண்ணிக்கையைத் தரும். 'பிகிரெப் -சி என்ஜின்எக்ஸ்' ப்ராசஸின் பெயரை மட்டும் பார்க்கிறது, தன்னை எண்ணுவதில்லை. பெயர் முழுதாகப் பொருந்த வேண்டுமென்றால் -எக்ஸ் சேர்க்க வேண்டும். அதற்கும் குறை உண்டு. லினக்ஸில் இந்தப் பெயர் 15 எழுத்தோடு நின்றுவிடும். பைத்தான் ஸ்கிரிப்டை நேரடியாகப் பைத்தானில் ஓட்டினால் பெயர் பைத்தான் என்றுதான் இருக்கும். இரண்டுக்கும் முழுக் கட்டளை வரியைப் பார்க்கும் -எஃப் தேவை. அதைப் போட்டதும் பழைய தலைவலி திரும்பி வரலாம்: முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) இருந்தால் சூடோவின் வரியிலும் அதே சொல் இருக்கிறது. அங்கேயும் சதுர அடைப்புதான் கைகொடுக்கிறது. பிஎஸ்டி வகை யூனிக்ஸ்களில் -சி-க்கு வேறு பொருள் இருக்கலாம், அங்கே பிகிரெப்பை டபிள்யூசிக்கு பைப் செய்வதே நல்லது.

பெரிய சி போட்ட 'பிஎஸ் -சி'யும் பெயரை வைத்துத் தேடும். தலைப்பு வரியை நீக்க மறந்தால் ஒன்று கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

ஸ்கிரிப்டுக்கு என் ஓட்டு பிகிரெப்புக்கே. ஒன்றும் கிடைக்காவிட்டால் அது 0 என்று அச்சிடுவதோடு, வெளியேறும் குறியாக (வெற்றியா தோல்வியா என்று ஷெல்லுக்குச் சொல்லும் எண், 0 என்றால் வெற்றி) 1-ஐத் தருகிறது. பிழை வந்தால் நிற்கும்படி எழுதிய ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். கிரெப் -சியும் அப்படித்தான். டபிள்யூசியில் முடியும் சங்கிலி சாதாரணமாக வெளியேறும் குறியாக 0 தந்துவிட்டுப் போய்விடும். அந்தப் பழைய மெயில் ஸ்கிரிப்டில் இப்போது எண்ணிக்கையே கிடையாது. 'பிகிரெப் -எக்ஸ்' ஓட்டி, வெளியேறும் குறியை மட்டும் பார்க்கிறேன்.